கருவாட்டுக் கூடையில் கினிப் பன்றி

இன்று மாலை நாலரை மணிக்கு மகளின் கினிப் பன்றி தீனியைத் தொடாமல் மூலையில் ஒடுங்கியது. அதன் ஜோடியை, நகம் வெட்ட, மகள் டாக்டரிடம் கொண்டுபோயிருந்தாள். பதறிப்போய்க் காய்ந்த புல்லை நீட்டினேன். அந்த வாசனையில் எங்கள் ஏரிக்கரை ஊரான பசியாவரம், எழுபதுகளில் இருந்தபடி நினைவுக்கு வந்துவிட்டது. பூனைக்கு எட்டாதபடி கருவாட்டுக் கூடையை உத்தரத்தில் தொங்கவிடும் எங்கள் வீட்டில், நைனா கொண்டுவந்த ஒற்றைக் கினிப் பன்றியையும் வைக்கோல் பரப்பி அப்படியே தொங்கவிட்டோம். ஏரிக்காற்றில் ஆடிய கூடைக்குள் அது நாள் முழுக்கப் பட்டினி கிடந்தது.

பக்கத்து வீட்டு அத்தை சிரித்தாள்: "இன்னாடா, உசுரோட கருவாடு போடுறியா? கீழ எறக்கு!"

இறக்கியதும் தின்றது. துணை வேண்டுமென்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு மகள் ஜோடியோடு வந்தாள். இரண்டும் மூக்கை உரசிக்கொண்டு ஒரே புல்லைக் கடித்தன. தொடாமல் கிடந்த தீனியையும் ஆறிப்போன டீயோடு நின்ற என்னையும் பார்த்து, "நீயும் சாப்பிடலியாப்பா?" என்றாள்.