பச்சோந்திக் கூண்டுக்கு நான் போட்ட கண்ணாடி

இன்றைக்குச் சரவணம்பட்டியில் ஒரு வீட்டில், நான் செய்த அலுமினியக் கூண்டை மாட்டப் போனேன். ஆளுயரக் கூண்டு, ஒரு வெளிநாட்டுப் பச்சோந்திக்கு!

வளர்க்கிற பெண் நீளமான டியூப் லைட்டோடு வந்தார்.

"குண்டு பல்பு போதாதுங்களா அம்மணி? கல்யாண மண்டபமா கட்டறோம்?" என்றேன்.

"அது ஒரே எடத்துலதான் படுமுங்ணா. பெரிய கூண்டுக்கு டியூப்தான் பரவலா அடிக்கும். வெயில்ல இருக்கற யுவிபி கதிர் இதுல வருதுங்க. அது இல்லீன்னா எலும்பு மெத்துனு போயிரும். இப்பவே குச்சியப் புடிக்க முடியாம கால் நடுங்குது, பாருங்க."

பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது.

டியூபை மேலே வைக்கப் போனவர் முகம் மாறிவிட்டது. "ஏனுங்ணா, மேல கண்ணாடி போட்டுப்போட்டீங்க? கண்ணாடியத் தாண்டி அந்தக் கதிர் உள்ள வராதுங்க!"

"வெளிச்சம் வருதே, கதிர் மட்டும் வராதுங்களா?"

"வராதுங்ணா. வெளிச்சமும் சூடுந்தான் வரும்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை அடித்தேன். டியூப் எரிந்ததும் பச்சோந்தி மெல்ல மெல்ல ஏறி அதன் கீழே போய் உட்கார்ந்தது.

இப்போது என் கவலை வேறு. எலும்புக்கு வெயில் வேண்டுமென்று டாக்டர் சொன்னதிலிருந்து, என் வீட்டுக்காரி ஆறு மாதமாக மூடிய ஜன்னலோரமாக உட்கார்ந்து கண்ணாடி வழியாக வெயில் காய்கிறாள்.

இதை அவளிடம் யார் சொல்வது? தைரியமுள்ளவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காபி உண்டு.