பஸ் ஹார்ன் வைத்த சைக்கிள்

காலை எட்டேகால் மணிக்கு எங்கள் பக்கத்து ஊர் நிறுத்தத்தில் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை. இருந்தாலும் நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், ஆனி பிறந்ததிலிருந்து ஆடி மாதம் வரைக்கும், தினமும் அந்த நேரத்துக்கு அங்கே ஒரு பரபரப்பு ஏற்படும். புளியமரத்து வளைவுக்கு அந்தப் பக்கம் ஹார்ன் சத்தம் கேட்கும். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துகொள்வார்கள். பூக்கூடை தலைக்கு ஏறும். டீக்கடையில் பாதி குடித்த டீ அப்படியே நிற்கும். வளைவில் திரும்பி வருவது ஒரு நீல நிற லேடீஸ் சைக்கிளாக இருக்கும். ஓட்டிக்கொண்டு வருவது அம்மா. பின்னால் உட்கார்ந்து ஹார்ன் அடிப்பது நான்.

நாங்கள் திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகும் சாலையில், டவுனுக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தோம். அம்மா திண்டிவனத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். நான் அந்தக் கடைக்கு நாலு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தேன். டவுன் பஸ் வருவதற்கு ஒன்பதரை ஆகிவிடும். கடையும் பள்ளிக்கூடமும் அதற்கு முன்பே திறந்துவிடும். ஆகவே சைக்கிள். புதுச்சேரிக்குப் போகும் பஸ்கள், மணல் லாரிகள், கார்கள் எல்லாம் போகிற அதே சாலையில், வெள்ளைக் கோட்டுக்கு ஓரமாக அம்மா மிதித்துக்கொண்டு போவாள். நான் கேரியரில் இரண்டு பக்கமும் கால் போட்டுக் குந்தியிருப்பேன்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரத்தில் ஒரு பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. இடித்தது என்று சொல்ல முடியாது. அதன் காற்றுதான் எங்களைத் தள்ளியது. அம்மா மணியை விடாமல் அடித்துக்கொண்டுதான் இருந்தாள். அது பஸ்ஸுக்குள் யாருக்குக் கேட்கும்? சைக்கிள் மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் முழங்காலில் தோல் வழன்று ரத்தம் வந்தது. சாப்பாட்டு டப்பா திறந்து தயிர்சாதம் சாலையில் கொட்டிவிட்டது. அம்மா காலைப் பார்க்காமல் அந்தச் சோற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சென்னையில் ஓர் ஓட்டலில் சமையல் வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அந்த ஞாயிறு வந்ததும் அம்மாவின் முழங்காலைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். இரண்டு இட்லி சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"சைக்கிளும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம். பாப்பாவ இங்கியே ஊர் பள்ளிக்கூடத்துல சேத்துடு. நீயும் வூட்லயே தையல் போடு."

அம்மா இன்னொரு இட்லி வைத்தாள். அம்மாவுக்கு அந்தக் கடை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஏழு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைப்பார்கள். ரேடியோ பாடும். மத்தியானம் ஏழு டப்பாவும் ஒன்றாகத் திறக்கும். எனக்கோ ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனோடு தீராத பகை இருந்தது. ஆகவே நான் அழுதேன்.

அப்போது மாமா வந்தார். அம்மாவின் தம்பி. திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். லாரி, பஸ், வேன் எல்லாவற்றுக்கும் ஒயரிங், லைட்டு, ஹார்ன் வேலை பார்ப்பவர். அவர் சட்டைப் பையில் பேனா இருக்காது, டெஸ்டர்தான் இருக்கும். அக்காவின் முழங்காலைப் பார்த்தவர் முகம் சுருங்கிப்போனது. பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்த ரோட்ல ஓடுற அம்மாம் பஸ்ஸுக்கும் நான்தான் ஹார்ன் மாட்டி வுட்டுக்கினு இருக்கேன். எங்க அக்காவுக்கு மாட்டாம வுட்டுட்டேன் பாரேன்!"

அப்பா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்படியே போனவர், சாயங்காலம் அதை ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இறக்கி வைத்த சைக்கிளை நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். முன்பக்கக் கூடையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே ஒன்று நீளம், ஒன்று குட்டையாக இரண்டு பித்தளைக் குழல்கள். ஏதோ ஒரு பஸ்ஸில் பத்து வருஷம் ஊதி ஓய்ந்தவை. ஒயர் சட்டத்தோடு ஒட்டிப் பின்னால் வந்து, சீட்டுக்கு அடியில் ஒரு காலிங்பெல் சுவிட்சில் முடிந்தது. அம்மாவுக்கு ஹேண்டிலைப் பிடிக்கவும் பிரேக் பிடிக்கவும் இரண்டு கையும் வேண்டும். ஆகவே ஹார்ன் இலாகா என்னுடையது.

அப்பா நம்பவில்லை. "இது இன்னா, பொம்மை வச்சு வெளையாடுறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே குழல் எதிரில் குந்தி உட்கார்ந்து பேட்டரியை ஆராய்ந்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் அழுத்தினேன்.

அப்பா எழுந்ததை நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சாக்கில் காய வைத்திருந்த கேப்பைக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்ததைத்தான் பார்த்தேன். தெருக்கோடியில் கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது. மூன்று வீட்டுக் கதவுகள் திறந்தன. அப்பா வேட்டியிலிருந்து கேப்பையைத் தட்டிவிட்டபடி, "ஒரு மாசம் பாக்கலாம்," என்றார்.

அந்த மாதத்தைப் போல ஒரு மாதம் என் வாழ்க்கையில் பிறகு வரவில்லை. நாய்க்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று, பைக்குக்கு இரண்டு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நீளமாக ஒன்று என்று நானே சட்டம் வகுத்துக்கொண்டேன். பின்னால் வண்டி வந்தால் அம்மா திரும்பாமலே, "பாப்பா" என்பாள். நான் அழுத்துவேன். வண்டி வேகத்தைக் குறைத்து, எங்களை விட்டு ஒரு வண்டி அகலம் தள்ளிப் போகும். சில பஸ் டிரைவர்கள் கையைக்கூடத் தூக்கிக் காட்டினார்கள். ராஜாவுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து ஊர் நிறுத்தத்தில் மட்டும் மரியாதை கிடைக்கவில்லை. ஒரு பெரியவர் முதல் மூன்று நாளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஏமாந்தார். நான்காவது நாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அம்மாவைத் திட்டினார்.

"இன்னாம்மா இது, காலங்காத்தால ஊரையே பேஜாரு பண்ணிக்கினு போற! எது பஸ்ஸு எது சைக்கிளுன்னே தெரியலியே!"

அந்தப் பக்கம் போகும்போது மட்டும் அடிக்காதே என்று அம்மா சொன்னாள். நான் சரி என்றேன். அடிக்காமல் இருக்க எவ்வளவோ முயற்சி செய்தேன்.

ஒரு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து பார்த்தார். அம்மா மேல் ஒரு கீறல் இல்லை. அப்பா சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார்.

ஆடி மூன்றாவது வெள்ளிக்கிழமை அது நடந்தது. காலையில் தூறல் போட்டு சாலை ஈரமாக இருந்தது. டவுனுக்குள் நுழைந்ததும் எதிரில் ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. நான் அழுத்தினேன். ஆட்டோ ஒதுங்கியது. நான் விரலை எடுத்தேன். சத்தம் நிற்கவில்லை.

சுவிட்ச் உள்ளேயே மாட்டிக்கொண்டது. நகத்தால் நோண்டினேன். குத்தினேன். ஊதிப் பார்த்தேன். இரண்டு குழலும் அலறிக்கொண்டே இருந்தன. "நிறுத்துடி, நிறுத்துடி" என்று அம்மா கத்தியது அவள் முதுகின் அதிர்வில்தான் எனக்குத் தெரிந்தது. இறங்கி நின்றால் ஊரே கூடிவிடும். மாமா கடைக்குப் போய்ச் சேர்வதுதான் ஒரே வழி என்று அம்மா முடிவு செய்தாள். எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தாள்.

கடைக்குப் போகும் வழியில் மாரியம்மன் கோவில் தெரு. அன்று அங்கே கூழ் ஊற்றும் திருவிழா. பெண்கள் தலையில் கூழ்ப் பானையோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சத்தம் பம்பையை அமுக்கிவிட்டது. பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். பானைகள் இரண்டு பக்கமும் விலகி நடுவில் வழி விட்டன. அருள் வந்து நடுத்தெருவில் ஆடிக்கொண்டிருந்த ஓர் அம்மா, கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார், ஓரமாக ஒதுங்கி நின்றார். நாங்கள் கடந்து போன பிறகு விட்ட இடத்திலிருந்து ஆட ஆரம்பித்தார். ஒரு சொட்டுக் கூழ்கூடக் கீழே சிந்தவில்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்தது மேம்பாலத்து முக்கு. அங்கே நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் சத்தத்தைக் கேட்டதும் மூன்று பக்கத்து வண்டிகளையும் கை காட்டி நிறுத்திவிட்டார். விறைப்பாக நின்று, வருகிறவருக்கு சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார். கை நெற்றிக்குப் போகும் பாதி வழியில் எங்கள் சைக்கிள் அவரைக் கடந்தது. அந்தக் கை அங்கேயே நின்றது.

நாங்கள் வரும் முன்பே மாமா சத்தத்தைக் கேட்டுக் கடைக்கு வெளியே வந்து நின்றார். ஓடி வந்து ஒயரைப் பிடுங்கினார். உலகம் திடீரென்று காலியானது போல் இருந்தது.

அம்மா அங்கே கிடந்த லாரி டயர் மேல் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். "சாமி எறங்கி வழி வுட்டுதுடா தம்பி" என்று சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் மறுபடி சிரித்தாள். மாமா ஒன்றும் புரியாமலே கூடச் சிரித்தார். அம்மா அவ்வளவு சத்தமாகச் சிரித்து அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை.

கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் பைக்கில் வந்து இறங்கினார்.

"எங்கய்யா அந்த வண்டி?"

"இதாங்க சார்," என்று மாமா சைக்கிளைக் காட்டினார்.

போலீஸ்காரர் சைக்கிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் எந்த மந்திரி வர்றாரோன்னு மூணு பக்கம் டிராபிக்க நிறுத்திக்கினு நிக்கிறேன்," என்றார். கோபமாகச் சொல்லத்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். மீசைக்குக் கீழே உதடு ஒத்துழைக்கவில்லை. "பஸ்ஸே டவுனுக்குள்ள இந்த சத்தம் வைக்கக் கூடாது. ஜல்தியா கழட்டு."

மாமா கழற்றினார். பேட்டரி போனது, குழல் போனது, சுவிட்ச் போனது. பழையபடி ஒரு மணி வந்து உட்கார்ந்தது. அதை என் கைக்கு எட்டுகிற மாதிரி சீட்டுக்குக் கீழே மாமா மாட்டிக் கொடுத்தார். நான் அதைத் தட்டிப் பார்த்தேன். கிணிங் என்றது. இதைக் கேட்டு எந்த பஸ் ஒதுங்கும் என்று அழுதேன்.

"ஒதுங்கும், ஒதுங்கும். நீ பாட்டுக்கு அடி," என்றார் மாமா.

திங்கட்கிழமை காலை சைக்கிளில் ஏறியதும் நான் ஒரு கையை மணி மேலேயே வைத்துக்கொண்டேன். அந்த ஞாயிறு அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அவருக்கு நாங்கள் எதையும் சொல்லவில்லை. வளைவைத் தாண்டியதும் பின்னால் பஸ் உறுமிக்கொண்டு வருவது கேட்டது. "பாப்பா" என்றாள் அம்மா. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மணியை அடித்தேன். கிணிங், கிணிங், கிணிங். உறுமல் குறைந்தது. கண்ணைத் திறந்தேன். எங்களை விட்டு நன்றாகத் தள்ளி, எதிர்ப் பக்கத்துக் கோடு வரைக்கும் ஒதுங்கி, பஸ் பூனை மாதிரி நகர்ந்து போனது. டிரைவர் கையைத் தூக்கினார். அடுத்து வந்த மணல் லாரியும் அப்படியே போனது. மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

கல்லூரிக்கு விழுப்புரம் போய்வந்த நாட்களில் ஒருமுறை பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர், "நீ அந்த எலக்ட்ரீசியனோட அக்கா பொண்ணா?" என்றார். பிறகு அவரே சொன்னார். மாமா கடைக்கு ஒரு வண்டி வேலைக்கு வந்தால், அதன் டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பும் வரைக்கும் மாமா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். "எங்க அக்கா நீல சைக்கிள்ல வருவாங்க. பின்னாடி குழந்த குந்திக்கினு இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போங்கண்ணே." கடைக்கு வராதவர்களை டீக்கடையில் பிடித்துச் சொல்வாராம். ஹார்ன் மாட்டிய நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாராம். "என் ஒருத்தன்கிட்டயே நாலு வாட்டி சொல்லிட்டான்மா அவன்," என்று டிரைவர் சிரித்தார்.

அன்றைக்கு இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. அந்த வாரக் கடைசியில், ஒரு பெரிய பஸ் எங்களுக்காக மண்ணில் ஒரு சக்கரத்தை இறக்கி ஒதுங்கிப் போனபோது, நான் அம்மாவின் முதுகைத் தட்டினேன்.

"பாத்தியாம்மா? ஹார்ன் இல்லன்னாகூட நம்பளக் கண்டா எப்டி பயப்படுறானுங்க!"

"ஆமாண்டி," என்றாள் அம்மா, மிதித்துக்கொண்டே. "ரொம்பத்தான் பயப்படுறாங்க."