எல்லாருக்கும் இடுப்பு வலிதான்

எங்கள் தொழிலில், உள்ளே வரும் பெண் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும்: "இடுப்பு வலி மேடம்." காஞ்சிபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் நான். பிரசவத்தில் தளர்ந்துபோன, சிறுநீரைப் பிடித்துவைக்கும் அடித்தசைகளைத் தேற்றுவது என் வேலை. தும்மல் வருகிறதென்றால் சட்டென்று காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறீர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். நாமெல்லாம் ஒரே கட்சி.

முக்கு

சபீராவுக்குத் தலைப்பிரசவம். கணவருக்குப் பிள்ளையார்பாளையத்தில் ஜரிகைக் கடை. என் வகுப்புக்கு ஒழுங்காக வந்தவள் என்பதால், பக்கத்தில் நிற்க என்னையும் கூப்பிட்டிருந்தாள். தானாக முக்கத் தோன்றும்வரை பொறு, தோன்றும்போது மூச்சை அடைக்காமல் விட்டுக்கொண்டே கீழே தள்ளு என்று சொல்லிக் கொடுத்திருந்தேன்.

சிஸ்டர் ராஜேஸ்வரியின் பாடம் வேறு. டூட்டி முடியும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உழைக்கிற மனுஷி, ஆனால் தொண்டை வெண்கலம். "மூச்சப் புடி! முக்கு! இன்னும் முக்கு!" சபீராவின் முகம் சிவந்து, கண்ணில் ரத்தம் கட்டிவிட்டது. நான் குறுக்கே பேச, சிஸ்டர் முறைக்க, நடுவில் அவள் என்ன செய்வாள்? பிள்ளையும் பெரிது, வலியும் நீண்டது. பின்னால் வந்ததற்கெல்லாம் அந்தக் கத்தல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு வந்த கோபம் வெகுநாள் ஆறவில்லை. பிள்ளை அழுத பிறகு சபீரா எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் மொதல்லயே பேசி முடிச்சிக்கினு வந்திருக்கலாமில்ல?"

தளம்

தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்தபோது, மாமியாரோடு என் அறைக்கும் வந்தாள். இடுப்பு வலியாம். "இடுப்புத் தளத் தசை தளர்ந்திருக்கும்" என்று புத்தகத் தமிழில் ஆரம்பித்தேன். சபீரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார்தான் பதில் சொன்னார்: "தளமா? எங்க மாடிக்கே இன்னும் தளம் போடலமா. பொம்பளன்னா எல்லாம் இருக்கறதுதான், போகப் போக சரியாப்பூடும்."

ஒளு

அடுத்த முறை தனியாக வந்தாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தாள். தொழுகைக்குமுன் கை, கால், முகம் கழுவி ஒளு செய்துவிட்டு நிற்கிறாள்; குனிந்தால் சிறுநீர் சொட்டுகிறது. ஒளு முறிந்தது, மறுபடி கழுவு. நெற்றி தரையில் படுவதற்குள் மறுபடியும். கடைசியில் தொழுவதையே விட்டுவிட்டாள். பிள்ளை வந்ததும் சோம்பேறியாகிவிட்டாள் என்று வீட்டில் பேச்சு. உண்மையைச் சொல்வதைவிட அந்தப் பேச்சே மேல் என்று இருந்துவிட்டாள்.

காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடி, மூச்சை அடக்காதே, பிறகு முழுக்கத் தளர விடு என்று காட்டினேன். பள்ளிவாசல் பாங்கு கேட்கும்போதெல்லாம் செய், மறக்காது என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாங்கு கேட்டா இப்பல்லாம் அழுவதான் வருது மேடம். இனிமே இதயாச்சும் செய்யறேன்."

கதவு

சில மாதம் கழித்து வந்தவள் என் அறைவரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. வராந்தாவில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, "ஒரே ஒளுல தொழுது முடிச்சேன் மேடம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்த சிஸ்டர் ராஜேஸ்வரி நின்று, "என்ன ஆச்சு இவளுக்கு?" என்று கேட்டார். சபீராவே எல்லாவற்றையும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து சிஸ்டர் என் அறைக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். கதவைச் சாத்தினார். அவர் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை நாள் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவதென்று தெரியவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "இடுப்பு வலி மேடம்."

முக்கச் சொல்வதற்கு மட்டும் ஊரே கூடிக் கத்துகிறது. அடக்க முடியவில்லை என்று சொல்வதற்குக் கத்தினவர்களே கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது.