புல் இல்லாத தொட்டி

கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வரும் எங்கள் கல்லூரி வாட்ச்மேனின் தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு கிடக்கும். என் ஆய்வுக்காக இரண்டு தொட்டிகளில் கடல்நீர் நிரப்பி, சிப்பிகளை விட்டு, கரியமில வாயு செலுத்தி அமிலமாக்கியிருந்தேன். ஒன்றில் கடற்புல் அந்த வாயுவை உறிஞ்சியதால் சிப்பிகள் பிழைத்தன. புல் இல்லாததில் ஓடுகள் கரைந்துகொண்டிருந்தன. நாம் விடும் மூச்சிலும் அதே வாயுதான் என்று, வீட்டில் முதலில் படித்தவளுக்கே உரிய பெருமையோடு அவருக்கு விளக்கினேன்.

“அதுலயும் ரெண்டு புல்லு போடேம்மா” என்றார்.

“கூடாதுண்ணே. ஒப்பிட்டுப் பார்க்கணும்.”

“அப்ப சாவறதுக்குன்னே வெச்சிருக்கியா?”

“ஆமாண்ணே. கடல்லயும் புல்லு இல்லாத எடந்தான் ஜாஸ்தி.”

மறுநாளிலிருந்து அந்தத் தொட்டியைக் கடக்கும்போது துண்டால் வாயை மூடிக்கொண்டார். அதனால் பயனில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? கடைசிச் சிப்பி செத்த பிறகும் மூடினார்.