எத்தனை மில்லி, தம்பி?

ட்ரெவர் ஹோல்ட்டும் மகள் லிண்ட்சேயும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு சனிக்கிழமை காலையில் வேப் என்னும் மின்-சிகரெட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. பெரிய டாங்க் உள்ளது, நிகோட்டின் திரவம் தீர்ந்தால் மறுபடி ஊற்றிக்கொள்ளக்கூடியது. ட்ரெவருக்கு வேப் இழுக்கும் பழக்கம் இப்போது இல்லை. சிகரெட்டிலிருந்து அதற்கு மாறி, அதையும் விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருந்தும் சனிக்கிழமை தவறாமல் பத்து மணிக்கு டீனின் வேப் கடைக்குப் போவார். ஒரு மணி நேரம் விசாரிப்பார். எதையும் வாங்காமல் திரும்புவார்.

அம்மா போய் ஆறு வருஷம். பேச்சுத்துணைக்குப் போகிறார் என்றுதான் லிண்ட்சே நினைத்திருந்தாள். அந்த வாரம் போன் செய்து, “கூட வா கண்ணு, இன்னொரு ஆள் வேணும்” என்றார். எதற்கென்று சொல்லவில்லை.

டீனுக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்துவரை பச்சை குத்தியிருந்தான். ட்ரெவரைக் கண்டதும் அவன் முகம் சுண்டியது.

“வாங்க ட்ரெவ். இன்னைக்காவது ஒண்ணு வாங்குவீங்களா, இல்ல நான் ரிட்டயர் ஆகுறவரைக்கும் பாத்துட்டே இருப்பீங்களா?”

“அவசரப்படுத்தாத தம்பி. கல்யாணத்துக்கே நாலு வருஷம் யோசிச்சவன் நான்.”

பிறகு ஆரம்பித்தார். பக்கவாட்டில் ஊற்றுவதா, மேலே திறந்து ஊற்றுவதா? சூடேற்றும் கம்பிச்சுருள் தனியாகக் கழலுமா, இல்லை திரவக் கூட்டோடு சேர்த்தே தூக்கிப் போடவேண்டுமா? பாட்டரி எத்தனை நாள் வரும்? சட்டைப் பையில் சாய்ந்து கிடந்தால் ஒழுகுமா? டீன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ட்ரெவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “சின்னதா இருக்கே” என்று தள்ளினார். கை நடுங்குகிறது, கண் தெரிவதில்லை, ரெண்டு மில்லி டாங்க்கில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஊற்ற முடியாது என்றார். டீன், டாங்க்குக்குக் கீழே தனி பாட்டில் மாட்டுவதைக் காட்டினான். அது கழன்று யாருக்கோ கால்சட்டை நனைந்த கதையைச் சொல்லி அதையும் தள்ளினார்.

லிண்ட்சே ஊர்த் தண்ணீர் நிலையத்தில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் டெக்னீஷியன். பெட்டியில் அச்சிட்ட எண்களைப் படித்தவள், உதவுவதாக நினைத்துச் சொன்னாள்.

“அப்பா, இதுக்கு மேல பெருசு கிடைக்காது. டாங்க் ரெண்டு மில்லிக்கு மேல இருக்கக் கூடாது. சட்டம்.”

ட்ரெவர் அவள் காலை மிதித்தார். வேலைக்குப் போன காலத்து இரும்பு முனை ஷூ. அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது.

“இவ இப்படித்தான் தம்பி. பால் காய்ச்சினாலும் தெர்மாமீட்டர் வெப்பா” என்றார்.

டீன் சிரித்தான். கதவைப் பார்த்தான். குனிந்து, கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தான்.

“ஆறு மில்லி. உங்க தொல்லை தாங்காமத்தான் எடுக்குறேன். வெளிய பேசாதீங்க.”

“எத்தனை மில்லி, தம்பி? காது சரியில்ல.”

“ஆறு!”

ட்ரெவர் மகளைப் பார்த்தார். கேட்டாயா என்பது போல. ரசீது கேட்டார். டீன் ‘போன் கவர்’ என்று அடித்துக் கொடுத்தான். மாற்ற வந்தால் எது வாங்கினோம் என்று மறந்துவிடுவேன், பின்னால் பேரை எழுதிக் கொடு என்று ட்ரெவர் கெஞ்சினார். வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டு டீன் பேனாவால் மாடலின் பெயரை எழுதினான், ஆறு என்பதையும் சேர்த்து.

தெருமுனை டீக்கடையில் பேக்கன் வைத்த பன்னுக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் லிண்ட்சே ஷூவைக் கழற்றிக் கால் விரலைப் பார்த்தாள். ட்ரெவர் பெட்டியை மேசைமேல் வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். அவர் சிரித்து அவள் வெகுநாள் பார்த்ததில்லை. அது நல்ல சிரிப்பும் இல்லை.

“எண்பத்தோரு சனிக்கிழமை” என்றார். “எண்பத்தோரு சனிக்கிழமை அந்த மூஞ்சியைப் பாத்துப் பல்லை இளிச்சேன். திங்கக்கிழமை பத்து மணிக்கு கவுன்சில் ஆபீஸ்ல கொண்டுபோய் வெக்கப் போறேன். சாட்சிக்கு நீ இருக்க. ரெண்டு பேர் இல்லாம குப்பை லாரி ரிவர்ஸ்கூட எடுக்கக் கூடாது, தெரியும்ல?”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

ட்ரெவர் தோர்ன்ஷா ஊரில் முப்பத்தொரு வருஷம் குப்பை லாரியில் இருந்தவர். முதல் பத்து வருஷம் பின்னால் ஓடித் தொட்டி மாட்டினார். அப்புறம் ஓட்டினார். இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளியில் இருபத்தாறு டன் லாரியைப் பின்னால் எடுப்பார். மற்றபடி பெருமை பேசத் தெரியாதவர். ஒரு விஷயத்தில் மட்டும் கறார். அள்ளிய தெரு பெருக்கின தெருவாக இருக்கவேண்டும். பை கிழிந்து முட்டை ஓடு சிந்தினாலும் லாரியை நிறுத்தி, இறங்கிப் பெருக்கிவிட்டுத்தான் நகர்வார். பின்னால் வரும் கார்காரர்கள் ஹாரன் அடித்தால் அவர்களுக்கு வணக்கம் வைப்பார். கூட இருபத்திரண்டு வருஷம் தொட்டி மாட்டியவர் கென். “உன் பொண்டாட்டியைவிட அந்தத் துடைப்பத்தைத்தான் நீ அதிகமா கட்டிப் பிடிச்சிருக்க” என்பார் கென்.

தூக்கியெறியும் வேப்புகள் கடைகளில் கொட்டிக் கிடந்த காலம் அது. பழையதை வாங்கி வைத்து முறைப்படி அனுப்பவேண்டியது கடைக்காரன் பொறுப்பு. டீன் கடையிலும் அதற்கு ஒரு பெட்டி இருந்தது. பெட்டி நிறைந்தால் அனுப்பச் செலவு ஆகும். அவன் மொத்தத்தையும் கறுப்புப் பையில் கட்டி, இரண்டு தெரு தள்ளி வீட்டுக் குப்பையோடு சேர்த்து வைத்தான். நவம்பர் மாதம் ஒரு காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் வரும் நேரம், லாரியின் அழுத்துத் தகடு அந்தப் பையை நசுக்கியது. ஒவ்வொரு வேப்புக்குள்ளும் ஒரு லித்தியம் பாட்டரி, நசுங்கினால் தீப்பிடிக்கும். கென் இரண்டு கையாலும் அடுத்த பையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

தீப்பிடித்தால் குப்பையை வெட்டவெளியில் கொட்டிவிடவேண்டும் என்பது விதி. பள்ளி வாசலில் பிள்ளைகள் நின்றார்கள். கென்னைப் பள்ளியின் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, ட்ரெவர் புகை நிறைந்த கேபினில் அரை மைல் ஓட்டி, காலியான சந்தைத் திடலில் கொட்டினார். தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. சாம்பலுக்குள் நூற்றுக்கணக்கான வேப்புகளும், பாதி எரிந்த ரசீதுச் சுருளும், அதில் டீன் கடையின் பெயரும் கிடந்தன. ட்ரெவர் பார்த்தார். இருமிக்கொண்டே பார்த்தார்.

பிறகு துடைப்பத்தை எடுத்தார்.

விசாரணை அதிகாரி பதினொரு மணிக்கு வந்தபோது திடல் கழுவித் துடைத்தது போல் இருந்தது. ரசீது, வேப், சாம்பல் எல்லாவற்றையும் வாரி மூட்டை கட்டி, உதவிக்கு வந்த லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஏன் செய்தாய் என்று அதிகாரி கேட்டார். கொட்டினால் பெருக்கவேண்டும். கை அதுவாகச் செய்துவிட்டது. காரணம் உறுதிப்படவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

கென்னின் வலது கையில் இரண்டு விரல்கள் வெந்து ஒட்டிக்கொண்டன, இடது கை விரல்கள் மடங்குவதில்லை. டீக் கோப்பையை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித்தான் குடிப்பார். ட்ரெவரின் நுரையீரல் மாடிப்படி ஏறும் அளவுக்கு மட்டும் மிஞ்சியது. வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதற்கடுத்த வசந்தத்தில் அவர் டீனின் கடைக்குள் முதல் முறை நுழைந்தார். எட்டு வருஷம் அந்தக் கடை வாசலில் குப்பை அள்ளியவரை டீனுக்கு அடையாளம் தெரியவில்லை. குப்பை அள்ளுகிறவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்?

“அன்னைக்கே முடிவு பண்ணினேன்” என்றார் டீக்கடையில். “இவன் ஒரு திருட்டோட நிக்குறவன் இல்ல. அடியில ஏதாவது வெச்சிருப்பான். குனியுற அன்னைக்குப் புடிக்கணும்னு காத்திருந்தேன். அதிகாரிங்க வர்ற அன்னைக்கு கென் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்கணுமாம். கேட்டிருக்கான்.”

கோபத்தில் அவருக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார். டாக்டரிடம் போகலாமா என்றாள். திங்கட்கிழமைக்கு அப்புறம் என்றார்.

திங்கட்கிழமை குப்பை எடுக்கும் நாள், காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு டோரீன் தன் குப்பைத் தொட்டிகளைப் பின்சந்தில் வைக்க வந்தாள். ட்ரெவரின் தொட்டிகள் இல்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு திங்கட்கிழமையை அவள் பார்த்ததில்லை. கதவைத் தட்டினாள். தன்னிடமிருந்த சாவியால் திறந்தாள். மாடிப்படியின் கடைசிப் படியில் சுவரில் சாய்ந்தபடி ட்ரெவர் உட்கார்ந்திருந்தார், உயிர் இல்லை. ஒரு ஷூ மாட்டி, கயிறு கட்டியிருந்தது. மற்றது கையில் இருந்தது. நிமோனியா என்றார்கள். நல்ல நுரையீரலாக இருந்தால் தாங்கியிருக்கும் என்றும் சொன்னார்கள். லிண்ட்சே அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தாளில் எழுதிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே பெட்டியைத் தேடினாள். மேசைமேல் இல்லை. கோட்டுப் பையில் இல்லை. வேப் மட்டும் பாத்திரம் வடியும் தட்டில், கழுவிக் கவிழ்த்த கோப்பைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அருகில் அவள் என்றோ கொடுத்த ஊசியில்லாத சிரிஞ்ச். ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் ‘2, 4, 6’ என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டிருந்தார். தண்ணீர் ஊற்றி அளந்திருக்கிறார். அவள் மறுபடி அளந்தாள். ஐந்து புள்ளி எட்டு. அடியில் எழுதித் தேதி போட்டாள்.

ஆனால் பெட்டியும் ரசீதும் இல்லாவிட்டால் அது யாரும் எங்கும் வாங்கியிருக்கக்கூடிய ஒரு சாமான். இழுப்பறை, தலையணை உறை, காரின் இருக்கைக்கு அடி எல்லாம் பார்த்தாள். இரண்டு நாள் பார்த்தாள். டீன் தன் கடையில் யாரிடமோ சிரித்துக்கொண்டு நிற்பான் என்ற நினைப்பில் பார்த்த இடத்தையே மறுபடி பார்த்தாள்.

புதன்கிழமை டோரீன் சூப் கொண்டுவந்தாள். அந்தக் காலையை மறுபடி சொன்னாள். “தொட்டி வெளிய இல்லையேன்னுதான் தட்டினேன், கண்ணு. இன்னும் பின்முற்றத்துலயேதான் நிக்குது.”

லிண்ட்சே சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நீலத் தொட்டி காகிதத்துக்கு. மூடியைத் திறந்ததும் மேலாகவே இருந்தது. பெட்டியைப் பிரித்து, மடிப்புகளை நீவி, தட்டையாக்கிப் போட்டிருந்தார். ரசீது அங்கே இல்லை. இருக்காது. அந்த வழவழப்பான ரசீதுத் தாள் காகிதத்தோடு சேராது, கறுப்புத் தொட்டியில்தான் போடவேண்டும் என்று சின்ன வயதில் அவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார். கறுப்புத் தொட்டியைச் சாய்த்து, தேயிலைப் பைகளையும் ரொட்டித் துண்டுகளையும் விலக்கினாள். நான்காக மடித்து இருந்தது. பின்பக்கம் டீனின் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காய்ச்சலோடு, மறுநாளுக்காகக் குப்பை பிரித்திருக்கிறார். எண்பத்தோரு சனிக்கிழமை காத்திருந்து கிடைத்ததையும் கை அதுவாகப் பிரித்துப் போட்டுவிட்டது. காலையில் அவர் எதற்காக அத்தனை அவசரமாக ஷூ மாட்டினார், தொட்டியை வெளியே வைக்கவா, நினைவு வந்து உள்ளே கையை விடவா என்று அவளுக்குத் தெரியாது. அவள் ரசீதின் ஈரத்தை ஒற்றி எடுத்து, பெட்டியோடு சேர்த்து வைத்தாள்.

கவுன்சில் ஆபீஸில் எல்லாவற்றையும் வைத்து, சாட்சியாகக் கையெழுத்துப் போட்டாள். அடக்கம் முடிந்து பத்தாம் நாள் இரண்டு அதிகாரிகள் டீனின் கடைக்குள் போனார்கள். கவுண்டருக்கு அடியிலிருந்தும் பின்னறையிலிருந்தும் பெட்டி பெட்டியாக வந்தது. லிண்ட்சே எதிர்ப்பக்க நடைபாதையில் கென்னோடு நின்றாள். கென் கையுறையைக் கழற்றி, ஒட்டிய விரல்களை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டார். குளிராகத்தான் இருந்தது.

டீன் வாசலுக்கு வந்தபோது அவளைப் பார்த்தான். சாலையைக் கடந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

“ஒரே ஒரு சந்தேகம்” என்றாள். “எத்தனை மில்லி, தம்பி?”

அவன் அதிகாரிகள் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பி வந்தபோது கென், “சத்தமா கேட்டிருக்கலாம். ட்ரெவருக்குக் காது சரியில்ல” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவள் அப்பா வீட்டில் இருந்தாள். ஏழு பத்துக்கு லாரி பின்சந்தில் நுழைந்தது. ஹோல்ட் வீட்டுக் கதவுக்கு நேரே வேகம் குறைந்து, சற்று நின்று, நகர்ந்தது. அவள் எதையும் வெளியே எடுத்து வைக்கவில்லை, மூன்று தொட்டிகளும் முற்றத்திலேயே நின்றன, அன்று அவர் விட்டுப்போன இடத்தில்.