மூடும் குறி வரும்வரை

எங்கள் தொழிலில் கூப்பிட்டால்தான் எழ வேண்டும். கூப்பிடும்வரை தூங்கவும் கூடாது. ராத்திரி கண்முழித்துப் பிழைக்கிறவர்களுக்கு இது புரியும். பழனிசெட்டிபட்டி வீட்டில் உட்கார்ந்தபடி வெளிநாட்டுக் கம்பெனிக்கு ராத்திரியில் புரோகிராம் எழுதுகிறவன் நான். போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி புதிதாகக் கொடுத்த வேலை நிலைத்துவிட்டால் கம்பெனியை விட்டுவிட்டு, எல்லோரையும்போல ராத்திரி தூங்கலாம் என்று இருந்தேன்.

வீட்டில் விளக்கியது

வியாபாரிக்கு ஏலக்காய் ஏலத்தின் விவரங்கள் எக்ஸ்எம்எல் கோப்பாக வரும்; அதிலிருந்து விவசாயிகளின் பட்டியலை எடுத்துக்கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் திறக்கும் குறி, பின்னால் மூடும் குறி. கோப்பைப் படிக்கும் பார்சர் என்ற புரோகிராம், குறி திறந்தால் நான் எழுதியதைக் கூப்பிடும், எழுத்து வந்தால் கூப்பிடும், மூடினாலும் கூப்பிடும். எந்தக் கூப்பாட்டுக்கு என்ன செய்வது என்று எழுதிவைப்பதுதான் ஹேண்ட்லர். இதை மனைவியிடம் பெருமையாக விளக்கினேன். தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "அதத்தான நானும் இந்த வீட்டுல பாத்துக்கிருக்கேன். எனக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

பாதிப் பெயர்

பெரிய கோப்பில் பார்சர் ஒரு பெயரை இரண்டு துண்டாக்கி இரண்டு தடவை கூப்பிடும். துண்டுகளைச் சேர்த்துவைத்து, மூடும் குறி வந்தபிறகே பெயரை எடுக்க வேண்டும். யாரும் சொல்லித்தராமல் தானாகக் கற்றவனுக்கு இதெல்லாம் அடிபட்டுத்தான் தெரியும். நான் கடைசித் துண்டையே பெயராக எடுத்துவிட்டேன். பண்ணைப்புரத்து விவசாயி முருகேசன், வெறும் 'கேசன்' ஆகிப் பட்டியலில் நின்றார். அடுத்த ஏலத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாக வியாபாரி போனில் சொன்னார். வைக்கும்போது ஒன்று கேட்டார்: "தட்டுல சாம்பிளக் கொட்டி முடிக்கிறதுக்குள்ளயே வெல சொல்றவன் யாவாரியா தம்பி?"

பழைய காய்

துண்டுகளைச் சேர்த்தேன். ஆனால் ஒரு பெயர் முடிந்ததும் சேர்த்ததைத் துடைக்க மறந்தேன். முருகேசனுக்குப் பின்னால் செல்லத்தாய் ஒட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கடைசி விவசாயியின் பெயரில் ஊரே இருந்தது. நல்லவேளை, வியாபாரிக்குப் போகுமுன் அவர் கடையில் கணக்கு எழுதும் பெண் பார்த்துவிட்டாள். "ஏண்ணே, தட்டுல பாத்த காயக் கொட்டாமயா அடுத்த சாம்பிளப் போடுவாக?"

நல்ல செய்தி

துடைத்தேன். அடுத்த ஏலத்தின் பெயர்கள் ஒன்றுகூடப் பிசகவில்லை. வேலை எனக்கே என்று வியாபாரி நேரில் கூப்பிட்டுச் சொன்னார். இனி ராத்திரி தூங்கலாம் என்று மனைவிக்குச் சொல்லப் போனை எடுத்தேன். வியாபாரி சிரித்தார்: "ஏலம் முடிஞ்சு ஃபைலு வந்துசேர ராத்திரி ஆயிருது. காலையில எனக்கு ரெடியா இருக்கணும். நீங்கதான் முழிச்சே கெடக்குற ஆளாச்சே, அதான் உங்களுக்கே குடுத்துட்டேன்."

ஆக, கோப்பில் திறந்ததெல்லாம் இப்போது ஒழுங்காக மூடிக்கொள்கிறது. மூடாமல் கிடப்பது என் கண் மட்டும்தான்.