டிவி மேல் காய்ந்த சாக்ஸ்

எங்களுக்கு வண்டிப்பெரியார் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீடு. மழைக்காலத்தில் மகளின் பள்ளிக்கூட சாக்ஸ் காய்வது பழைய பிக்சர் டியூப் டிவியின் சூடான தலைமேல்தான்.

போன மாதம் அது நின்றுபோனது. கடைக்காரர் எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. வித்தியாசமெல்லாம் விளக்கினார். "எது மேல சூடா இருக்கும்?" என்று கேட்டேன். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் எல்.இ.டி. வாங்கினோம்.

முதல் மழையன்றே, பழக்கதோஷத்தில் ஈர சாக்ஸை அதன் விளிம்பில் தொங்கவிட்டேன். தண்ணீர் திரையில் வழிந்தது. "ஏட்டி, என்ன காரியம் பண்ணுத" என்று ஓடிவந்து கணவர் பிளக்கைப் பிடுங்கினார். நல்லவேளை, இரண்டு நாள் காயவிட்டதும் படம் வந்தது.

இப்போது சாக்ஸ் அடுப்புக்கு மேல் கொடியில் காய்கிறது. மகள்தான் முகர்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறாள், "புகை நாத்தம் அடிக்குதும்மா. பழைய டிவி வாசனதான் நல்லாருந்துச்சு."